மாத்தளை மயானத்தில் நிற்கும் மெக்டவல் கோட்டை: நம்ம சனத்தின் வரலாற்றில் இதற்கு இடம் உண்டா?

#1 மாத்தளை வாசி

மாத்தளை டவுன் மயானத்தில் ஒரு பழைய வாசலும் அதோடு சேர்ந்த சுவரும் நிற்கின்றன. இழவுக்குப் போய் வந்த பலரும் அதை மயானத்துக்கென்றே கட்டியதாக நினைத்திருப்பார்கள். உண்மையில் அது 1803இல் ஆங்கிலேயர் கட்டிய மெக்டவல் கோட்டையின் மிச்சம். கண்டி இராச்சியத்தைப் பிடிக்க வந்த படை, தலைநகருக்கு வடக்கே போட்ட எல்லைக் காவல். இதைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். தெரிந்ததை எழுதுகிறேன், மற்றவர்களும் சேருங்கள்.

1796இல் கரையோரம் முழுக்க ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மலைநாடு மட்டும் கண்டி அரசனிடம். 1802இல் புத்தளம் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். ஆளுநர் பிரெட்ரிக் நோர்த்துக்கு அது போதுமான சாக்கு. 1803 ஜனவரி 31 அன்று மேஜர் ஜெனரல் ஹே மெக்டவல் கொழும்பிலிருந்து படையோடு கிளம்பினார். கேணல் பார்பட் இன்னொரு படையோடு திருகோணமலையிலிருந்து வந்தார். பெப்ரவரி 20ஐ ஒட்டி இரண்டு படையும் கண்டியில் சேர்ந்தன.

அங்கே சண்டை போட ஆளில்லை. நகரம் வெறிச்சோடியிருந்தது, அரண்மனை எரிந்துகொண்டிருந்தது. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மலைக்காட்டுக்குள் போய்விட்டான். கண்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட யுத்தி இது. வருகிறவனை உள்ளே விடு, சாப்பாட்டு வழியை அறு, மழைக்கும் காய்ச்சலுக்கும் ஒப்படைத்துவிட்டு அப்புறம் அடி. 1594இல் தந்துரையிலும் 1638இல் கன்னொருவையிலும் போர்த்துக்கேயர் இப்படித்தான் அழிந்தார்கள்.

ஆகவே கண்டியைப் பிடிப்பதைவிடக் கண்டியில் இருப்பதுதான் பெரும்பாடு. அரிசி, மருந்து, வெடிமருந்து எல்லாம் துறைமுகத்திலிருந்து ஆள் தலையிலும் மாட்டு முதுகிலும் காட்டுப் பாதையில் வர வேண்டும். திருகோணமலைப் பாதை சமவெளியை விட்டு மலைக்குள் நுழையும் பள்ளத்தாக்குதான் மாத்தளை. இன்றைய றோட்டுக் கணக்கில் கண்டி இங்கிருந்து சுமார் 26 கிலோமீற்றர். சாமான்களை இறக்கி வைக்கவும், நோயாளிகளைத் தங்க வைக்கவும், பின்வாங்க நேர்ந்தால் கால் ஊன்றவும் ஒரு இடம் வேண்டியிருந்தது. அதற்காகக் கட்டியதுதான் இந்தக் கோட்டை. படைத்தலைவர் பெயரையே வைத்தார்கள்.

நான்கு மாதம்கூட அது பயன்படவில்லை. மெக்டவல் ஏப்ரலில் கொழும்புக்குத் திரும்பினார். பார்பட் மே மாதம் காய்ச்சலில் இறந்தார். கண்டியில் மேஜர் அடம் டேவி தலைமையில் விடப்பட்ட வெள்ளைச் சிப்பாய்களில் பெரும்பகுதி நோயில் படுத்துவிட்டார்கள். ஜூன் 24 விடியலில் கண்டிப்படை தாக்கியது, டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போக அனுமதி பெற்றுக் கிளம்பியவர்கள் வட்டாபுளுவையில் மகாவலி கங்கையைக் கடக்க முடியாமல் நின்றார்கள். ஆற்றில் வெள்ளம். அங்கேயே ஆயுதங்கள் வாங்கப்பட்டு, ஆட்கள் கொல்லப்பட்டார்கள்.

அதில் பிணமென்று விடப்பட்ட பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் ஒருவன், வெட்டுக்காயத்தோடு ஆற்றைக் கடந்து மாத்தளைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். கண்டி விழுந்த செய்தி அவன் வாயால்தான் வெளியே வந்தது. கோட்டைப் பொறுப்பில் இருந்த கப்டன் மெஜ், நடக்க முடியாத நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு, நடக்கக் கூடியவர்களோடு இரவோடிரவாகத் திருகோணமலைக்குக் கிளம்பினார். ஜூலை தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

கோட்டைக்குப் பெயர் கொடுத்த மெக்டவல் பிறகு மதராஸ் படையின் தலைமைக்கு உயர்ந்தார். 1809இல் ஊருக்குத் திரும்பும் வழியில் கப்பலோடு கடலில் மறைந்தார்.

இவ்வளவும் வெள்ளைக்காரன் கதை, கண்டி அரசன் கதை. நான் கேட்க வருவது வேறு. அந்தப் பாதை மலைக்குள் நுழையும் இதே மாத்தளை வழியாகத்தான் இருபது முப்பது வருஷம் கழித்து நம்ம சனம், கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மலையகத் தமிழர், தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தது. தலைமன்னாரில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை கடந்து, மலைநாட்டுக்குள் கால் வைத்த முதல் டவுன் மாத்தளை. படைக்காகப் பார்த்த வாசல்தான் கோப்பிக்கும் வாசலானது. அப்படியிருக்க இந்தக் கோட்டையைப் பற்றி நாம் ஏன் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை?

#2 கட்டுக்கலை

தம்பி, நல்ல காரியம் தொடங்கியிருக்கிறீர்கள். கண்டிப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வட்டாபுளுவையில் முதலில் பலியானது ஆங்கிலேயன் அல்ல, முத்துசாமி. முந்திய அரசன் ராஜாதி ராஜசிங்கனின் மைத்துனர், நாயக்கர் வம்சம். கண்டி வெறும் நகரமாகக் கையில் கிடைத்ததும், ஆங்கிலேயர் தாங்கள் கூட்டி வந்த இவரை அரசனென்று உட்கார வைத்தார்கள். ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்ட டேவியிடம் "முத்துசாமியைக் கொடு" என்று கண்டிக்காரர் கேட்டபோது கொடுத்துவிட்டார்கள். உறவுக்காரர்களோடு கொண்டுபோய்க் கொன்றார்கள். பாதுகாப்புத் தருவோமென்று கூட்டி வந்தவனைத் தன் உயிருக்காகக் கைமாற்றியதை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அப்படிக் கொடுத்தும் டேவியின் ஆட்கள் தப்பவில்லை. டேவி மட்டும் கண்டிச் சிறையிலேயே பல வருஷம் கிடந்து இறந்தார்.

இரண்டாவது, மலாய்ச் சிப்பாய்கள். இரண்டு பக்கமும் அவர்கள் இருந்தார்கள். கண்டி அரண்மனைத் தாக்குதலில் முன்னால் வந்த சங்குங்லோ அரசன் பக்கத்து மலாய்த் தலைவர், அந்தச் சண்டையிலேயே செத்தார். ஆங்கிலேயர் பக்கம் இருந்த கப்டன் நூருத்தீனை அரசன் தன் படையில் சேரச் சொன்னான். ஏற்கெனவே ஒருவருக்குச் சத்தியம் செய்துவிட்டேன் என்று மறுத்ததால் அவரையும் அவர் சகோதரரையும் கொன்றார்கள். 1803 பற்றிய பேச்சில் டேவி பெயர் அடிபடும் அளவுக்கு நூருத்தீன் பெயர் வருவதில்லை.

திருகோணமலைப் பாதை எவ்வளவு கொடியது என்பதற்குச் சாட்சி கண்டியிலேயே இருக்கிறது. தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் ஆங்கிலேயர் மயானத்தில் ஜேம்ஸ் மெக்ளாஷன் என்ற அதிகாரியின் கல்லறையைப் பாருங்கள். வாட்டர்லூவில் நெப்போலியன் படைக்கு முன்னால் நின்று பிழைத்த மனுசன். 1817இல் திருகோணமலையிலிருந்து மழையில் நடந்து வந்து காய்ச்சலில் போய்விட்டார்.

ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். அது ஆக்கிரமிப்பாளன் கட்டிய கோட்டை. பாதுகாக்க வேண்டும், சரி. அதை "நம்ம வாசல்" என்று சொந்தம் கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

#3 ரத்தோட்டை டீச்சர்

நான் வரலாறு படிப்பிக்கிறவள். ஐயா சொன்னதோடு ஒரு பாதி உடன்பாடு, ஒரு பாதி இல்லை.

இந்தக் கோட்டை 1803 ஓடு முடியவில்லையே. 1848 மாத்தளைக் கிளர்ச்சியில் வீர புரன் அப்பு ஆட்கள் தாக்கிய இடங்களில் இதுவும் ஒன்று. புத்தகத்தில் அது இரண்டு பக்கம் வருகிறது. பிள்ளைகள் பெயர்களை மனப்பாடம் செய்வார்கள், கொங்காலேகொட பண்டா, புரன் அப்பு, டொரிங்டன் ஆளுநர், நாய் வரி, துப்பாக்கி வரி. பரீட்சையிலும் எழுதுவார்கள். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் தெரியும், அது இன்னொருத்தர் வீட்டுக் கதை என்றுதான் கேட்கிறார்கள். ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "டீச்சர், அந்த நேரம் நம்ம ஆளுங்க எங்க இருந்தாங்க?" பாடப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மாத்தளை வாசி அண்ணன் 1848 பற்றி விரிவாக எழுதினால் அடுத்த தவணைக்கு நான் பயன்படுத்திக்கொள்வேன்.

#4 மாத்தளை வாசி

டீச்சர், அந்தப் பிள்ளையின் கேள்விதான் இந்த இழையின் தலைப்பாக இருந்திருக்க வேண்டும். முடிந்தவரை எழுதுகிறேன்.

1848ஐப் புரிந்துகொள்ளக் கோப்பியிலிருந்து தொடங்க வேண்டும். 1820களின் நடுவில் கம்பளைப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொருவையில் போட்டார். 1830களில் அது வெறியாகவே மாறியது. காடு யாருடையது என்ற கேள்வி வந்தபோது 1840இல் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொண்டு வந்தார்கள். உரித்துக் காட்ட முடியாத காடு, தரிசு, எப்போதாவது ஒருமுறை விதைக்கும் சேனை நிலம் எல்லாம் முடிக்குரியது என்று அது வைத்தது. தலைமுறையாகச் சேனை செய்து, மாடு மேய்த்த கிராமத்தான் கையில் பத்திரத்துக்கு எங்கே போவான்? நிலம் அரசாங்கத்துக்குப் போனது, அங்கிருந்து தோட்டத் துரைமாருக்குப் போனது.

1847இல் ஐரோப்பாவில் கோப்பி விலை சரிந்தது. அரசாங்கத்தின் வருமானம் விழுந்தது. டொரிங்டன் வந்து, துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று போட்டார். எல்லாவற்றுக்கும் மேல் றோட்டுச் சட்டம்: ஆண்கள் வருஷத்தில் ஆறு நாள் றோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1833இல் ஒழித்ததாகச் சொன்ன அதே அரசாங்கம், 15 வருஷத்தில் அதை வேறு உருவத்தில் திருப்பிக் கொண்டு வந்தது. தோட்டத்துக் கோப்பி இறங்கத்தான் அந்த றோட்டு என்பது கிராமத்தானுக்குத் தெரியாதா?

1848 ஜூலை 26 தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். ஜூலை 28 கிளர்ச்சிக்காரர்கள் மாத்தளைக்குள் வந்தார்கள். அரசாங்க அலுவலகமான கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தார்கள், கோட்டையையும் தாக்கினார்கள். அடுத்த நாளே கண்டியில் இராணுவச் சட்டம். கண்டியிலிருந்து வந்த படை வாரியப்பொலப் பக்கத்தில் அவர்களை எதிர்கொண்டது. புரன் அப்பு பிடிபட்டு ஆகஸ்ட் 8 கண்டியில் சுடப்பட்டார். கடஹபொல தேரரைக் காவி உடையோடே சுட்டார்கள். அது லண்டன் பாராளுமன்றம் வரை போய், டொரிங்டன் பதவி போகும் அளவுக்கு வந்தது. கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் எல்கடுவையில் பிடிபட்டார். தூக்குத் தண்டனையைக் குறைத்து, நூறு கசையடி கொடுத்து மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள்.

இப்போது பிள்ளையின் கேள்வி. நம்ம ஆட்கள் அந்த நேரம் அந்தக் கோப்பித் தோட்டங்களில்தான் இருந்தார்கள், அல்லது அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்கு, ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் கூட்டமாக வருவார்கள், முடிந்ததும் பெரும்பாலானோர் திரும்பிப் போவார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை வறண்ட காடு. தண்ணீர் கிடையாது, வாந்திபேதி, காய்ச்சல். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது, பெயர்ப் பதிவும் கிடையாது. 1803இல் அதே காட்டில் விழுந்த சிப்பாய்களுக்காவது பட்டாளப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது.

அதனால் அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லும் பதில் இது. நிலத்தை இழந்து கோட்டையைத் தாக்கியவனும், அந்த நிலத்தில் கோப்பி பறிக்கக் கொண்டு வரப்பட்டவனும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கத்தில் நசுங்கியவர்கள். ஒருவன் கதை மட்டும் புத்தகத்தில் இருக்கிறது.

#5 உக்குவளை

அண்ணே, படிச்சிட்டு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஆனா நீங்க ரொம்ப அடக்கி வாசிக்கிறீங்க. அந்தக் கோட்டையைக் கட்டினதே நம்ம தமிழ் ஆளுங்கதான்னு நான் கேள்விப்பட்டிருக்கேன். மதராஸ்ல இருந்து கூட்டி வந்த கூலிப்படை. அப்படின்னா நம்ம சனம் வரத் தொடங்கினதா சொல்ற 1823க்கு முன்னாடியே நாம இங்க வந்துட்டோம்ல? இதை ஏன் நாம உரக்கச் சொல்லக் கூடாது? எப்ப பாத்தாலும் 200 வருஷம், 200 வருஷம்னு நாமளே ஏன் கணக்கைக் குறைக்கணும்?

#6 கட்டுக்கலை

உக்குவளைத் தம்பிக்கு, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், அதனால்தான் இதைச் சொல்கிறேன். இரண்டு விஷயத்தைக் கலக்காதீர்கள்.

ஆங்கிலேயப் படையோடு தென்னிந்தியர் வந்தது உண்மை. சிப்பாய்கள் வந்தார்கள். பாதை வெட்டவும் பாரம் சுமக்கவும் பீரங்கி இழுக்கவும் பயனியர், லஸ்கர் என்ற பிரிவுகள் இருந்தன. அவர்கள் படைக் கணக்கில் வந்தார்கள், படையோடு செத்தார்கள் அல்லது படையோடு திரும்பினார்கள். கோப்பித் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டி வந்த குடும்பங்கள் வேறு. 1803ஐக் கொண்டுபோய் தோட்டச் சனத்தின் தொடக்கமாக வைத்தால், நாளைக்கு யாராவது ஒருவர் வந்து "பாருங்கள், இவர்கள் படையெடுத்து வந்தவர்கள்" என்பார். நாமே அதற்குக் கதவு திறக்க வேண்டாம்.

தமிழ் பேசுகிறவன் மலைநாட்டில் எப்போதிருந்து இருக்கிறான் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், அதற்குக் கோட்டை தேவையில்லை. 1739இல் நாயக்கர் வம்சம் கண்டிச் சிம்மாசனத்தில் ஏறியது. கடைசி அரசன் கண்ணுசாமியாகப் பிறந்தவன். 1815 பெப்ரவரியில் பிடிபட்டு, வேலூரில் சிறையிருந்து 1832இல் அங்கேயே இறந்தான்.

1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவை இங்கே எல்லோரும் ஒருமுறை தேடிப் படிக்க வேண்டும். அரசனின் உறவினரான ஆண்கள் ஆங்கிலேயரின் எழுத்து அனுமதியில்லாமல் எந்தக் காரணத்துக்காகவும் கண்டி மாகாணங்களுக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. வெளியேற்றப்பட்ட "மலபார்" ஆண்கள் அனுமதியில்லாமல் திரும்பி வந்தாலும் அதே தண்டனை. ஆங்கிலேயர் அந்தக் காலத்தில் தமிழரை அந்தப் பெயரில்தான் எழுதினார்கள். இதில் கையெழுத்திட்டு பத்து வருஷம் முடிவதற்குள், அதே ஆங்கிலேயர் அதே மலைக்குள் தமிழரைக் கூட்டமாகக் கொண்டு வரத் தொடங்கினார்கள். அரசுரிமை கேட்கக் கூடியவனுக்குத் தடை, கூலிக்கு வருகிறவனுக்கு வாசல் திறப்பு. நாம் உரக்கச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

#7 வெலிமடை

எல்லாரும் மாத்தளையிலேயே நிக்கிறீங்க, ஊவா பக்கமும் கொஞ்சம் பாருங்க. எங்க பக்கம் "போர்ட் மெக்டொனால்ட்" என்று ஒரு பள்ளத்தாக்குக்கே பெயர் இருக்கு. அங்க கோட்டை எங்கன்னு கேட்டா யாருக்கும் காட்டத் தெரியாது. இடத்துக்கு ஒட்டிக்கிட்ட பெயர் மட்டும்தான் மிச்சம்.

1817 கடைசியில் ஊவா வெல்லஸ்ஸையில் கிளர்ச்சி வெடிச்சது. அடக்கச் சொல்லி ஆங்கிலேயர் அனுப்பிய ஊவா திசாவை (மாகாணத் தலைவர்) கெப்பெட்டிபொல, ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிட்டு கிளர்ச்சிக்காரர் பக்கம் சேர்ந்தார். 1818இல் பரணகமவில் மேஜர் மெக்டொனால்ட் சின்னப் படையோடு ஒரு குன்றில் இருந்தபோது, கெப்பெட்டிபொல பெரும் கூட்டத்தோடு வளைச்சு நாள் கணக்கில் தாக்கினார். குன்று விழவில்லை. அந்த மெக்டொனால்ட் பெயர்தான் இன்னைக்கும் நிக்குது.

ஆனா அதுக்குப் பிறகு நடந்ததுதான் ஊவாவின் உண்மையான கதை. ஆளுநர் பிரவுன்ரிக் படை வயலை எரிச்சது, வீட்டை எரிச்சது, மாட்டைக் கொன்னது. குளம் வாய்க்கால் அழிஞ்சது. கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26 கண்டியில் தலை வெட்டப்பட்டார். மண்டையோட்டைக்கூட ஒரு இராணுவ வைத்தியர் ஸ்கொட்லாந்துக்குக் கொண்டு போனார், அது 1954இல்தான் கண்டி மண்ணுக்கு வந்தது. அப்படிச் சனம் சிதறிய மலைச் சரிவுகளில் பிற்பாடு கோப்பியும் தேயிலையும் வந்தது. நாங்க அங்க பிறந்தோம்.

என் அபிப்பிராயம்: மாத்தளையில் ஒரு சுவராவது நிக்குது. அதை விட்டுடாதீங்க. இங்க எங்களுக்குத் தொட்டுக் காட்ட ஒன்னும் இல்லை.

#8 ரத்தோட்டை டீச்சர்

வெலிமடை அண்ணன் சொன்ன கடைசி வரி என்னை யோசிக்க வைத்தது. சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன்.

நம் நாட்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்த 9ஆம் இலக்கம். அதில் புராதனச் சின்னம் என்பதற்கு ஒரு எல்லைத் தேதி இருக்கிறது: 1815 மார்ச் 2. கட்டுக்கலை ஐயா சொன்ன அதே ஒப்பந்த நாள். அதற்கு முன் கட்டியது தொல்பொருள். பின்னால் கட்டியதென்றால் தனியாக அறிவித்து வர்த்தமானியில் போட்டால்தான் பாதுகாப்பு.

இதை மாத்தளையில் வைத்துப் பாருங்கள். 1803இல் கட்டிய கோட்டைச் சுவர் எல்லைக்கு அந்தப் பக்கம். கோப்பி ஸ்டோர், தொழிலாளர் வரிசை வீடான லயம், கங்காணி வீடு, தோட்டத்து ஆஸ்பத்திரி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பழைய பிரட்டுக்களம், ஒன்று விடாமல் எல்லாம் இந்தப் பக்கம். மலையகத் தமிழருக்கென்று சொல்லக்கூடிய எந்தக் கட்டடமும் அந்தத் தேதியால் தானாகப் பாதுகாக்கப்படாது. லயத்தைக் கட்டாயம் இடிக்க வேண்டும், அந்தப் பத்தடிக் காம்பராவில் யாரும் இனி வாழக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் இடித்த பிறகு பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றாவது வேண்டாமா? கம்பளை ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பாத்திரம், கொழுந்துக் கூடை, தோட்டத்துப் பத்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. அதைப் போல மாத்தளையில் ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் வாசல் மாத்தளைதான்.

#9 உக்குவளை

ஐயா சொன்னது விளங்குது. மூன்றாம் பிரிவைத் தேடிப் படிச்சேன். இதையெல்லாம் எனக்கு யாரும் படிப்பிக்கலை.

ஆனா ஒரு கேள்வி மட்டும் விட மாட்டேன். 2023இல் தலைமன்னாரிலிருந்து நடைபயணம் வந்தாங்களே, அது மாத்தளையில் வந்துதானே முடிஞ்சது? அப்ப மாத்தளையில் நமக்குன்னு ஒரு அடையாளம் வேணாமா? முத்துமாரியம்மன் கோயில் இருக்கு, சரி. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடுது, சரி. அது சாமி. வரலாற்றுக்குன்னு எங்க இருக்கு?

#10 மாத்தளை வாசி

நடைபயணம் 2023 ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கியது, ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. பேசாலை, மன்னார், முருங்கன், மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று முன்னோர் வந்த வழியே வந்தார்கள். வழியில் சிங்களக் கிராமத்துச் சனமும், பௌத்த பன்சலைகளும், பள்ளிவாசல்களும், கிறிஸ்தவ ஆலயங்களும் வரவேற்றார்கள். ஜூலை 28 என்பது 1848இல் மாத்தளை தாக்கப்பட்ட அதே தேதி. அந்த நாளில் இந்த இரண்டு வரலாற்றையும் சேர்த்துப் பேச முடியும் என்று நான் நம்புகிறேன்.

கட்டுக்கலை ஐயா "சொந்தம் கொண்டாட வேண்டாம்" என்றார். ஐயா, நான் அந்தக் கோட்டையைச் சொந்தம் கொண்டாடவில்லை, பாதையைத்தான் கேட்கிறேன். கோட்டை அந்தப் பாதையில் இன்னும் நிற்கிற அடையாளம். பார்பட் படை வந்த வழி, மெஜ் ஓடிய வழி, கிளர்ச்சிக்காரர் தம்புள்ளையிலிருந்து இறங்கிய வழி, கோப்பிக் கூலி வந்த வழி, மாத்தளைக்குள் நுழைகிற இடத்தில் எல்லாம் ஒன்றாகிறது. 1880இல் ரயிலும் மாத்தளைக்கு வந்து அதற்கு மேல் போகாமல் நின்றது. ஊரில் வேறெங்கே இத்தனையையும் ஒரே இடத்தில் நின்று சொல்லலாம்?

1848 வீரர்களுக்கு நம் ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது, அது இருக்க வேண்டும். அதில் எந்தக் குறையும் சொல்லவில்லை. கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை, அதில் பாதையின் கதை. என் கோரிக்கை அவ்வளவுதான்.

#11 கட்டுக்கலை

பாதை என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. முதல் பதிவில் அதை நீங்கள் வாசல் என்று எழுதியதால்தான் கேட்டேன்.

ஒரு கவலை மட்டும் பாக்கி. அந்த இடம் மயானம். இன்றும் சனம் தங்கள் ஆட்களை அடக்கம் செய்திருக்கிற இடம். பஸ்ஸில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிச் செல்பி எடுக்கிற இடமாக அது ஆகக் கூடாது. பலகையை மயானத்துக்கு வெளியே, றோட்டோரத்தில் வைக்கும்படி கேளுங்கள். சுவரில் சீமெந்து பூசி, வெள்ளையடித்து "அழகுபடுத்தும்" வேலையும் வேண்டாம். பழைய கட்டடத்துக்கு அதைவிடக் கேடு இல்லை. சுவரில் முளைக்கிற ஆல், அரசச் செடிகளை வேர் இறங்கும் முன்னால் எடுத்தாலே பாதி பாதுகாப்பு. அதையும் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும், நாமாகக் கத்தி கொண்டு போகக் கூடாது.

#12 ரத்தோட்டை டீச்சர்

ஐயா சொன்ன இரண்டும் சரி. பலகைக்கு நான் ஒரு வாசகம் எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்:

"மெக்டவல் கோட்டை. 1803இல் கண்டி இராச்சியத்தின் மீது படையெடுத்த பிரித்தானியர், திருகோணமலைப் பாதையைக் காக்கக் கட்டியது. அதே ஆண்டு ஜூனில் கண்டிப் படையின் வெற்றிக்குப் பின் கைவிடப்பட்டது. 1848 ஜூலை 28 வரிக்கும் நில இழப்புக்கும் எதிராக எழுந்த மாத்தளைக் கிளர்ச்சிக்காரர் இதைத் தாக்கினர். 1820கள் முதல் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் தலைமன்னாரிலிருந்து நடந்து மாத்தளை வழியாக மலைநாட்டுக்குள் வந்தனர். வழியில் இறந்தவர்களின் பெயர்கள் எங்கும் பதியப்படவில்லை."

#13 வெலிமடை

நல்லா இருக்கு டீச்சர். "தமிழ்த் தொழிலாளர்" என்று மட்டும் போடாமல் "ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும்" என்று போடுங்க. முதலில் வந்தது பெரும்பாலும் ஆம்பிளைகள்தான், ஆனா குடும்பமாக வந்தவங்களும் அதே காட்டைத்தான் நடந்து கடந்தாங்க. கூடவே 1803இல் செத்த மலாய்ச் சிப்பாய்களையும் ஒரு வரியில் சேர்க்கலாம். மாத்தளையிலும் கண்டியிலும் மலாய்க் குடும்பங்கள் இன்னும் இருக்காங்க.

#14 மாத்தளை வாசி

இரண்டையும் சேர்த்துவிட்டேன். சிங்கள மொழிபெயர்ப்புக்கு டவுனில் ஒரு சிங்கள ஆசிரிய நண்பர் ஒத்துக்கொண்டிருக்கிறார். 1848 பகுதியை அவர் பார்த்து ஒழுங்குபடுத்துவார். மாநகர சபைக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் ஒரே கடிதத்தின் இரண்டு பிரதிகள் போகும். பலகை மயானத்துக்கு வெளியே என்பதையும், சுவரில் யாரும் பூச்சு வேலை செய்யக் கூடாது என்பதையும் கடிதத்திலேயே எழுதுகிறேன். கையொப்பம் வைக்க விரும்புகிறவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள். உக்குவளைத் தம்பி, உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சேர்க்கிற பொறுப்பு உங்களுடையது.